அம்மா துண்டு போட்டு மூடிய கேமரா

நாலு நாளாகப் போனில் படம் கறுப்பாகவே வந்தது. ஒயரை எலி கடித்திருக்கும் என்று நினைத்து ஏணியோடு தோட்டத்துக்குப் போனால், கேமரா மேல் சென்னிமலைத் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மூடியது என் அம்மாதான்.

"அது எந்நேரமும் என்னையவே பாத்துக்கிட்டு இருக்குது கண்ணு. வாசல்ல உக்காந்து தலை சீவக்கூட முடியல."

காங்கேயத்தில் கடை வைத்துத் தோட்டத்து வீடுகளுக்குக் கேமராவும் அலாரமும் மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. அதற்கு முன்னால் பல வருடம் பம்ப்செட் ஸ்டார்ட்டர் வேலை. "இதை மாட்டிட்டா நிம்மதியாத் தூங்கலாமுங்க" என்று ஊரெல்லாம் சொல்லி விற்றவன் நான். என் சொந்த வீட்டில் கேமராவுக்குத் துண்டு.

எங்கள் வீடு தாராபுரம் ரோட்டிலிருந்து இட்டேரியில் உள்ளே போக வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, அதற்கப்பால் மாடு மேயும் கொறங்காடு. கூப்பிடு தூரத்தில் வீடு கிடையாது. அடுத்த வீட்டு விளக்கு இரண்டு காடு தாண்டித் தெரியும். அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் அங்கே இருக்கிறார்கள். தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதானவர்களுக்கு நேர்ந்ததைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எங்களைப் போல டவுனில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு அன்று இரவு தூக்கம் போய்விடும். அந்த வெசனத்தில்தான் கடையில் இருந்த நல்ல சாமானாகப் பார்த்து ஒரே நாளில் எல்லாவற்றையும் மாட்டினேன். கேமரா, கதவுக்குக் காந்த அலாரம், திண்ணைக்கு ஆள் நடமாட்டம் பார்க்கும் சென்சார், கூரை மேல் சைரன். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேமராவுக்குத் துண்டு என்றால் சைரனுக்கு வேறு கதி. இரவு 2 மணிக்கு அது அலறியிருக்கிறது. அப்பா டார்ச்சோடு ஓடி வந்து பார்த்தால் ஆளும் இல்லை, பேரும் இல்லை. சென்சார் மூடி மேல் ஒரு பல்லி. அந்தச் சத்தத்தில் கட்டுத்தரையில் இருந்த மாடு மிரண்டு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. இருட்டில் மாட்டைத் தேடிப் பிடித்துக் கட்டியவர், மறுநாள் பொழுதோட பேட்டரி ஒயரைக் கழற்றிச் சைரனை அட்டாலியில், அதாவது பரணில், போட்டுவிட்டார். என்னிடம் சொல்லவும் இல்லை. பையன் மாட்டியது, குறை சொன்னால் வருத்தப்படுவான் என்று.

அதற்கப்புறம்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பழைய வாடிக்கையாளர் வீடுகளுக்குச் சும்மா போவது போலப் போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டில் சைரன் கட்டிலுக்கடியில் கிடந்தது. இன்னொரு வீட்டில் கதவு அலாரத்தைக் கழற்றி டிவி ஸ்டாண்டில் வைத்திருந்தார்கள். "அந்தச் செவப்பு லைட்டு விட்டு விட்டு எரியறதைப் பாத்தா கரண்டு தீப்புடிச்சுக்குமோன்னு பயமா இருந்துதுங்க" என்றார் ஒரு பெரியம்மா. அது பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சொல்லும் விளக்கு. நான்தான் அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் சிவப்பு விட்டு விட்டு எரிந்தால் யாருக்குத்தான் நல்ல சேதியாகத் தோன்றும்?

மாட்டிய அன்று எல்லாமே வேலை செய்தன. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சாமான் போல வெள்ளைப் பெட்டி, இங்கிலீஷ் எழுத்து, "சிஸ்டம் ஆர்ம்டு" என்று எங்கிருந்தோ பேசும் பெண் குரல். பயத்துக்காக வாங்கும் பொருள் என்பதால் அதையும் பயமுறுத்துகிற மாதிரியே செய்துவிடுகிறார்கள். திருடன் வருஷத்தில் ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். அம்மாதான் அதன் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும்.

நம் பக்கத்துப் பழைய காவல் சாமான்கள் எதுவுமே இப்படி இல்லை. எங்கள் வீட்டு நெல் அறைக்கு இன்றும் திண்டுக்கல் மணிப்பூட்டுதான் தொங்குகிறது. சாவியைத் திருப்பும்போதெல்லாம் மணி அடிக்கும். யார் அறையைத் திறந்தாலும் அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அலாரம்தானே அது? ஆனால் அதைக் கேட்டால் யாருக்கும் நெஞ்சு அடைப்பதில்லை. திண்டுக்கல்லிலேயே மாங்காய்ப் பூட்டு என்று ஒன்று உண்டு, பெயருக்கேற்ற உருவம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. புது வீடு கட்டினால் தொங்கவிடும் திருஷ்டி பொம்மையும் அப்படித்தான். முறைக்கும், ஆனாலும் பார்த்தால் சிரிப்பு வரும். ஊர் எல்லையில் உட்கார்ந்திருக்கும் முனியப்பனுக்கு எவ்வளவு பெரிய கண், எத்தனை வர்ணம்! அவர் மேல் யாரும் துண்டைப் போட்டு மூடுவதில்லை.

இந்த யோசனையெல்லாம் பின்னால் வந்தது. மாற்றத்தைத் தொடங்கி வைத்தது என் மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. லீவுக்குத் தோட்டத்துக்குப் போனவள் அட்டாலியில் கிடந்த சைரன் பெட்டியை எடுத்து, மாட்டுக் கொம்புக்கு அடித்து மீதமிருந்த பெயின்டால் அதைக் கின்னிக்கோழி ஆக்கிவிட்டாள். சாம்பல் நிற உடம்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி, புனல் வாய்க்குக் கீழே சிவப்புத் தாடி. பக்கத்துத் தோட்டத்தில் கின்னிக்கோழி வளர்க்கிறார்கள். புது ஆள் கடவில், அதாவது தோட்டத்துக்குள் நுழையும் வழியில், கால் வைத்தால் போதும், ஊரைக் கூட்டிவிடும். அதைப் பார்த்து வரைந்திருக்கிறாள்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கத்தற சாமான்னு இப்பத்தான் மூஞ்சிலயே தெரியுது" என்றார். மறுபடி கூரையில் ஏற்றச் சொன்னதும் அவரே. நான் பத்து நிமிடம் விளக்கியும் புரியாததை அந்தச் சிவப்புத் தாடி புரிய வைத்துவிட்டது. உருவத்தைப் பார்த்தாலே வேலை தெரிய வேண்டும் என்று நான் படித்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஆனால் அதே உற்சாகத்தில் அவள் திண்ணைச் சென்சாரையும் விட்டு வைக்கவில்லை. அதற்கு மயில். தோகை, கண் எல்லாம் அழகாக வரைந்து முடித்திருந்தாள். நான் அதன் முன்னால் நாலு நடை நடந்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கையை ஆட்டினேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தும் பார்த்தார். அசையவில்லை. அதன் முன்பக்கத்தில் பால் நிறத்தில் வளைந்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்தான் அதற்குக் கண். நம் உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிர் அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பெயின்ட், ஸ்டிக்கர், துணி எது படிந்தாலும் குருடுதான். ஜன்னல் கண்ணாடிகூட அந்தக் கதிரை விடாது. அதனால் உள்ளே வைத்துக் கண்ணாடி வழியாக வாசலைப் பார்க்கச் சொன்னாலும் பார்க்காது. பெட்டியில் எங்கே வேண்டுமானாலும் மயில் ஆடட்டும், அந்த வெள்ளைப் பகுதியில் மட்டும் கை வைக்கக் கூடாது.

சென்சார் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஏழெட்டு அடி உயரத்தில் மாட்டுங்கள். ஆள் நேராக அதை நோக்கி வருவதைவிடக் குறுக்கே கடப்பதைத்தான் அது சுலபமாகப் பிடிக்கும். அதனால் கடவைப் பார்த்து நேராக வைக்காமல் நடைபாதைக்குப் பக்கவாட்டில் வையுங்கள். சுற்றியுள்ள சூட்டுக்கும் உடம்புச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அது வேலை செய்கிறது. சித்திரை வெயிலில் சுவரும் தரையும் உடம்பு அளவுக்குச் சுட்டால் அதற்குக் கண் மங்கும். எனவே பங்குனியில் ஒரு தடவை நடந்து சோதித்துப் பாருங்கள். வெயில் நேராக முகத்தில் அடிக்கும் இடமும் வேண்டாம். பல்லிக்கு நான் கண்ட வழி ஒன்றுதான்: சுவரோடு ஒட்டாமல், கூரைச் சட்டத்திலிருந்து தனிக் கம்பியில் தொங்கவிடுவது. முழுசாக நிற்கவில்லை, குறைந்தது.

அடுத்தது குரல். 10 விநாடி வரை குரல் பதியும் சின்ன போர்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. அந்த இங்கிலீஷ் அம்மணியைக் கழற்றிவிட்டு, ராத்திரி அலாரத்தை ஆன் செய்யும் பொத்தானோடு அதைச் சேர்த்தேன். மகள் பேசினாள்: "அப்பத்தா, கதவு சாத்தியாச்சுங்க. நீங்க போய்த் தூங்குங்க." பொத்தானை அமுக்கினால் இது வரும். ஆனால் கதவு உண்மையிலேயே சாத்தியிருந்தால்தான் வரும். சாத்தாமல் விட்டால் வெறும் கிர்ர்ர் சத்தம். முதல் நாள் அமுக்கிவிட்டு அம்மா "சரி கண்ணு" என்று பதில் சொன்னார். அன்றிலிருந்து ஒரு ராத்திரிகூட அலாரம் போட மறந்ததில்லை. சில நாள் இரண்டு முறை அமுக்குகிறார் என்று அப்பா சொல்கிறார்.

வீட்டில் நடந்ததைப் பார்த்துக் கடையிலும் ஆரம்பித்தேன். கோயம்புத்தூரில் முப்பரிமாண பிரின்ட் போட்டுத் தரும் பையன் ஒருவனைப் பிடித்து, கதவு அலாரத்துக்கு யானை, காளை, ஆந்தை என்று உறை செய்ய வைத்தேன். காசு நிறையப் போனது. போன வழியைச் சொன்னால் யாருக்காவது மிச்சமாகும்.

முதல் தொகுதி பிஎல்ஏ பிளாஸ்டிக். பார்க்க அருமை. ஆனால் அது சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். மேற்குப் பார்த்த வாசலில், இரும்புக் கதவில் ஒட்டிய கறுப்புக் காளை ஒரே வாரத்தில் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. வீட்டுக்காரர் போட்டோ எடுத்து, "காளைக்குத் தண்ணி காட்டுங்க" என்று அனுப்பினார். எங்கள் ஊர் லொள்ளு சும்மா விடுமா? வெளியில் வைக்கும் உறைக்கு அதைவிடச் சூடு தாங்கும் ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் என்று கேட்டு வாங்குங்கள், வெளிர் நிறமாக இருக்கட்டும்.

அடுத்த தப்பு காந்தம். கதவு அலாரத்துக்குள் இருப்பது ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். அதற்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள். காந்தம் பக்கத்தில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். அவ்வளவுதான் சூட்சுமம். காந்தத்துக்கும் குழாய்க்கும் இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. நான் இரண்டு பக்கமும் குண்டு யானையை மாட்டினேன். யானைக்கும் யானைக்கும் நடுவே மூன்று சென்டிமீட்டர். கதவு சாத்தியே இருந்தும் அலாரம் அதை நம்பவில்லை. இரும்புக் கதவென்றால் காந்தத்தின் பலம் இன்னும் குறையும். கதவுக்கும் காந்தத்துக்கும் நடுவில் ஒரு மரத்துண்டோ பிளாஸ்டிக் துண்டோ வைத்துத் தள்ளி மாட்ட வேண்டும். பழைய வீட்டு இரட்டைக் கதவாக இருந்தால் எந்தப் பலகை முதலில் திறக்குமோ அதில்தான் காந்தம். ஒரு வீட்டில் மாற்றி வைத்துவிட்டேன், பாதிக் கதவைத் திறந்து ஆளே உள்ளே வந்துவிடலாம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தப்பு. ஒன்று அப்படி இல்லை. ஆந்தை உறை போட்ட அலாரத்தை ஒரு வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை கதவிலிருந்து பிடுங்கி, மூடியைத் திறந்துவிட்டது. உள்ளே வட்ட பட்டன் பேட்டரி. அம்மாக்காரி பார்த்துத் தட்டிவிட்டாள். அந்தப் பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும் என்பதை அப்புறம்தான் டாக்டர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். எனக்குக் கை நடுங்கிவிட்டது. வெள்ளைப் பெட்டியாக இருந்திருந்தால் குழந்தை திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. அதைப் பொம்மை ஆக்கியவன் நான். மாட்டியிருந்த அத்தனை வீட்டுக்கும் போய்க் கழற்றி வந்தேன். இப்போது திருகாணி போட்டு மூடும் பேட்டரி அறை, அதுவும் பென்சில் பேட்டரி போடுகிற மாதிரி மட்டும்தான் எடுக்கிறேன். நாலரை அடிக்குக் கீழே மிருக உருவம் மாட்டுவதில்லை. நீங்கள் கடையில் அழகான அலாரம் வாங்கினால் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் பேட்டரி மூடியை நகத்தால் நெம்பிப் பாருங்கள். திறந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

சத்தத்திலும் விளையாடிப் பார்த்தேன். சைரனுக்குப் பதில் குயில் கூவல் கேட்டார் ஒருவர், நானும் போட்டுக் கொடுத்தேன். சோதனைக்காக ராத்திரி ஒலிக்க விட்டோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மறுநாள், "நேத்து உங்கூட்டுப் போன் ரொம்ப நேரம் அடிச்சுதே, எடுக்கலீங்களா?" என்று கேட்டார். அன்றோடு அதை விட்டேன். பகலில் ஆள் போக வர மெல்லிசாக ஒரு மணிச் சத்தம், அதில் எந்த விளையாட்டும் காட்டலாம். ராத்திரிச் சைரன் மட்டும் சைரனாகவே அலற வேண்டும். மாட்டிய அன்று அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு ஒருமுறை கேட்க வைத்துவிடுங்கள். நான் இரண்டு காடு தள்ளி வண்டியை நிறுத்தி, காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் நாளிலும் கேட்கிறதா என்று நின்று பார்ப்பேன்.

எல்லோருக்கும் பொம்மை பிடிக்கும் என்று நினைத்ததும் தப்பு. கேட்டுக்கு ஒரு யானையை எடுத்துக்கொண்டு போனபோது அப்பா தொடவே இல்லை. "ஒறம்பரை வந்தா சிரிப்பாங்க." அவருக்கு வேண்டியது வேறு. சிம் போட்டு, ஆள் வந்தால் நாலு நம்பருக்குப் போன் பண்ணும் பெட்டி இருக்கிறதே, அதை முதல் நாளே புரிந்துகொண்டார். போன் போட்டு மோட்டாரை ஓட விடும் ஸ்டார்ட்டரில் பழகிய கை அது. அவர் கேட்டதெல்லாம், "அந்தத் தொடற சுச்சு வேண்டாம், டக்குன்னு விழற சுச்சா போடு." ஸ்டார்ட்டர் பெட்டி போல இரும்புப் பெட்டி, கையுறை போட்டுக்கூடத் தள்ளக்கூடிய கெட்டியான சுவிட்ச், விழுந்தால் பச்சை விளக்கு ஒன்று நிலையாக எரியும். அவர் கண்ணுக்கு அதுதான் அழகு. ஆன்டெனாவை மட்டும் பெட்டிக்கு வெளியே எடுத்துவிட்டேன், இரும்புக்குள் சிக்னல் நிற்காது. இப்போது வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனால் படத்தைக் காட்டுவதற்கு முன் அவர்கள் வீட்டில் எந்தப் பொருளைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அங்கே துப்புக் கிடைக்கும்.

கேமராவுக்கு வருகிறேன். அம்மாவே ஒரு யோசனை சொன்னார்: "திருஷ்டி பொம்மை வாய்க்குள்ள வெச்சுட்டா என்ன?" நல்ல யோசனைதான், ஆனால் அப்படியே செய்யவில்லை. கேமரா இருப்பது வெளியே தெரிந்தால்தான் வருகிறவன் யோசிப்பான். வீட்டுக்கு வருகிற மனிதர்களை ஒளிந்திருந்து படம் எடுப்பதும் முறையில்லை. அதனால் மண்ணில் உருவாரம் செய்யும் குயவர் ஒருவரிடம் சொல்லி, தலைப்பாகை கட்டிய காவல்காரன் முகம் ஒன்று செய்து வாங்கினேன். சுட்ட மண், உள்ளே காற்றோட்டத்துக்கு ஓட்டை. ஒரு கண் பெயின்டில், மறு கண் நிஜக் கேமரா, நன்றாகவே தெரியும். மண்ணானதால் வைஃபைக்குத் தடை பெரிதாக இல்லை. முக்கியமான விஷயம், பகலில் தலையைக் கடவுப் பக்கம் திருப்பி வைத்தேன். அம்மா தலை சீவும் இடம் படத்திலேயே வராது. துண்டு கொடிக்குத் திரும்பிவிட்டது.

வீட்டுக்குக் கேமரா வைக்கும் ஏற்பாட்டுக்கு முதன்முதலில் காப்புரிமை கேட்டவர்களில் ஒருவர் நியூயார்க்கில் வசித்த நர்ஸ், மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்று படித்தேன். நேரங்கெட்ட நேரத்தில் வீட்டுக்கு வந்து போகிறவர், கதவைத் தட்டுவது யார் என்று படுக்கையறையிலிருந்தே பார்க்க வேண்டும் என்று கணவரோடு சேர்ந்து 1966இல் விண்ணப்பித்தார், 1969இல் கிடைத்தது. அந்த வீட்டில் குடியிருந்தவரே யோசித்தது அது. நான் என் அம்மாவை வாசலில் உட்கார வைத்துக் கேட்டிருந்தால் ஏணி ஏறுவது ஒரு தடவையோடு முடிந்திருக்கும்.

இருட்டில் படம் எடுக்கக் கேமராவிலேயே அகச்சிவப்பு விளக்கு இருக்கும். ராத்திரியில் கேமராவைச் சுற்றி மங்கலாகச் சிவப்பு தெரிந்தால் அது 850 நானோமீட்டர் அலைநீள விளக்கு. கண்ணுக்கே தெரியாதது 940. இரண்டாவதில் படம் எட்டும் தூரம் குறைவு. எதுவானாலும் அந்த விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை பின்னினால் படம் முழுக்க வெள்ளையாக ஆடும். என் காவல்காரனின் தலைப்பாகை மடிப்பில் சிலந்திக்கு நல்ல வீடு அமைந்துவிட்டது. அடுத்த முகத்துக்கு மடிப்பு வேண்டாம், மொட்டைத் தலையாகச் செய்யுங்கள் என்று குயவரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சி.

மகள் இப்போது பத்தாவது படிக்கிறாள். போன நோம்பிக்கு வந்தபோது, "என்ன இது, இவ்வளவு சின்னப் புள்ளை மாதிரி பேசறேன்" என்று வெட்கப்பட்டுப் புதுசாகப் பதிய உட்கார்ந்தாள். அம்மா அந்தப் பொத்தானைத் தொடவே விடவில்லை. "நீ வேணும்னா பொறவாசல் கதவுக்குப் பேசிக்க, இது இருக்கட்டும்." அந்த போர்டு என்றைக்கும் உழைக்கும் என்று சொல்ல முடியாது. பொத்தானை அமுக்கிப் போனில் அந்த 10 விநாடியைப் பதிந்து இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன். பொறவாசலுக்கு இன்னும் ஒயர் இழுக்கவில்லை, மழைக்கு முன்னால் இழுக்க வேண்டும்.